டிஸ்க் பல்ஜ் என்று ரிப்போர்ட் வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 48. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், துணி ஃபேக்டரியில் தையல் மிஷின் வேலை. ஐந்து மாதமாக இடுப்பு வலி. சில நாள் வலது தொடையின் பின்பக்கம் வரை இழுக்கிறது. எம்.ஆர்.ஐ எடுத்ததில் முதுகெலும்பின் அடியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் டிஸ்க் பல்ஜ், தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா? பெல்ட் போட்டால் போதுமா? கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறேன், எடுக்கலாமா? மாமனாருக்கும் மூன்று மாதமாக நடு முதுகில் வலி. 71 வயது, சர்க்கரை உண்டு, உடம்பும் இளைத்துவிட்டது. அவருக்கும் எம்.ஆர்.ஐ எடுக்கணுமா, இல்லை வயசு வலிதானா?

பதில்:

அக்கா, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன மாமனார் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற உங்கள் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதற்கு (அதுதான் பல்ஜ்) அவசரமில்லை. அவர் முதுகுக்கு அவசரம் இருக்கலாம்.

டர்பனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இடுப்பு, கழுத்து, முதுகு வலிக்காரர்கள்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருக்காது. அந்த மீதி ஒருவரைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாதி. மூன்று மாத வலி, அதுவும் இடுப்பில் இல்லாமல் நடு முதுகில், எழுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை, உடம்பு இளைப்பு. இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்து நிற்கும்போது வயசு வலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. வயதானால் முதுகு வலிக்கும், சரி. காரணமில்லாமல் எடை குறைவதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது.

இன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து சில கேள்விகள் கேளுங்கள். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருக்கிறதா? சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கிறதா? விடியற்காலையில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா? சாப்பாடு முன்போல இறங்குகிறதா? நடக்கும்போது கால் பின்னுகிறதா, செருப்பு தெரியாமல் நழுவுகிறதா? சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா? அப்புறம் அவரை ஒரு ஸ்டூலில் குனிந்தாற்போல உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் நடுக்கோட்டில் விரல் நுனியால் ஒவ்வொரு எலும்பாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மற்ற எலும்புகளில் ஒன்றும் சொல்லாமல் ஒரே ஓர் எலும்பில் மட்டும் துள்ளினால், அல்லது அந்த இடத்தில் எலும்பு ஒரு முடிச்சு மாதிரிப் பின்னால் புடைத்திருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் இப்படி ஒரு முதுகைப் பார்த்ததும் நாங்கள் முதலில் நினைப்பது முதுகெலும்பு டிபி. உலகத்திலேயே காசநோய்ச் சுமை அதிகமான நாடுகளில் ஒன்று தென்னாப்பிரிக்கா, அதில் நம் குவாசுலு-நட்டால் மாகாணமும் பின்தங்கியதில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஆனாலும் டிபி என்றால் இருமல், சளி, ரத்தம் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நியூலேண்ட்ஸில் இருந்த ஃபோசா காசநோய்க் குடியிருப்பின் கதை கேட்டு வளர்ந்த பெரியவர்கள்கூட நெஞ்சு டிபியைத்தான் சொல்வார்கள். கிருமி ரத்தத்தின் வழியாக முதுகெலும்புக்கும் போய் உட்காரும். பலருக்கு இருமலே இருக்காது. பெரும்பாலும் டிஸ்க்கை ஒட்டிய எலும்பின் முன்பக்க விளிம்பில் ஆரம்பித்து, எலும்பு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முன்பக்கம் கரைந்ததும் முதுகு மடிந்து கூன் விழும். சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் செயல் இழக்கும். 1779-லேயே லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் இந்தக் கூனையும் கால் முடக்கத்தையும் விவரித்து எழுதினார். அதனால்தான் டாக்டர்கள் இதைப் பாட் நோய் என்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது தாமதம். நோய் மெதுவாக வருவதால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. முதலில் ஜாம்பக் களிம்பு, அப்புறம் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், அப்புறம் ஒரு வலி ஊசி, அப்புறம் சுளுக்கு எடுப்பவர் என்று மாதங்கள் ஓடிவிடும். கால் பலவீனமான பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது, இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். சீக்கிரம் கண்டுபிடித்தால் இது மருந்தில் குணமாகிற நோய்.

மருந்திலேயே குணமாகும் என்பதை நிரூபித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்தாலும் நோயாளிகள் அதே அளவு குணமடைகிறார்கள் என்று 1959-ல் காட்டியது. பிறகு கொரியா, ஹாங்காங், புலவாயோ, சென்னை ஆகிய இடங்களில் முதுகெலும்பு டிபிக்கென்றே நீண்ட ஆய்வுகள் நடந்தன. மாதக்கணக்கில் படுக்கை, பிளாஸ்டர் ஜாக்கெட் இதெல்லாம் இல்லாமல், நடமாடிக்கொண்டே மருந்து எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். கால் செயலிழக்காமல் இருந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படவில்லை. தண்டுவடம் அழுந்தினாலோ, கூன் வேகமாகக் கூடினாலோ மட்டும் கத்தி வேண்டிவரும். டர்பன் எலும்பு சர்ஜன்களும் இந்த நோயைப் பற்றி, குறிப்பாக ஹெச்.ஐ.வி உள்ளவர்களிடம் இது எப்படி வருகிறது என்பதைப் பற்றி, நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே எம்.ஆர்.ஐ சென்டருக்கு நேராகக் கூட்டிப் போக வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடமோ பக்கத்து அரசு கிளினிக்கிலோ காட்டுங்கள். கிளினிக்கில் டிபி பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'முதுகு வலி' என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். 'மூன்று மாத வலி, ராத்திரியும் விடவில்லை, பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார், சர்க்கரை உண்டு' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எலும்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனை, ஹெச்.ஐ.வி பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். 71 வயது மனிதரிடம் ஹெச்.ஐ.வி கேட்கிறார்களே என்று கோபப்படாதீர்கள், இந்த நாட்டில் எல்லாரிடமும் கேட்பதுதான் நல்ல வைத்தியம். சந்தேகம் வலுத்தால் அவருக்கு எம்.ஆர்.ஐ கட்டாயம் தேவை, அதுவும் முதுகெலும்பு முழுக்க. பிறகு ஊசியால் கொஞ்சம் திசு எடுத்து, 2011 முதல் இங்கே பரவலாக இருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மிஷினில் போட்டால் கிருமி இருக்கிறதா என்பதும், டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் தெரிந்துவிடும். எலும்பு டிபி என்றால் மருந்து பொதுவாக ஒன்பது மாதம் போகும்.

டிபியாக இல்லாமலும் இருக்கலாம். இந்த வயதில் எலும்பு மெலிந்து தானாக நொறுங்கியிருக்கலாம், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம், மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை சுளுக்கு எடுப்பவரை அவர் முதுகில் கை வைக்க விடாதீர்கள். அரித்துப்போன எலும்பை அமுக்கி முறுக்கினால் ஒரே நாளில் கால் போய்விடும்.

இனி உங்கள் விஷயம்.

உங்களுக்கு 48. இடுப்பு வலியே இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை, மொத்தம் 3,110 பேரை, 2015-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. நூற்றுக்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. இருபது வயதுப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 37 பேருக்குத் தேய்மானம்! அவர்கள் யாருக்கும் வலி இல்லை. அதற்கு முன்பே 1994-ல் அமெரிக்காவில் வலியில்லாத 98 பேரைப் பார்த்தபோது, எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது தலைமுடி நரைப்பது போன்ற ஒன்று. அது உண்மைதான், ஆனால் அதுவே நோய் ஆகிவிடாது.

படத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அது எனக்கு ஒப்புதல் இல்லை. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களில், வலி உள்ளவர்களிடம் இந்த மாற்றங்கள் கொஞ்சம் அதிகமாகவே தென்படுகின்றன. நரம்பை நேராக அழுத்துகிற பெரிய பிதுக்கம் வலி கொடுக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு சர்ஜன்கள், கால் நரம்பு வலிக்குப் பிதுங்கிய டிஸ்க் காரணமாக இருக்கலாம் என்று காட்டியது பெரிய கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு வந்த ஐம்பது அறுபது வருடங்களில் எல்லா இடுப்பு வலிக்கும் டிஸ்க்கைக் கைகாட்டப் பழகிவிட்டோம், அங்கேதான் வழி தவறியது.

படம் எடுக்கும் கலையில் இந்த நாட்டுக்கே ஒரு பெருமை உண்டு. சி.டி ஸ்கேனுக்குக் கணித அடிப்படை போட்ட ஆலன் கார்மாக் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர். 1956-ல் கேப் டவுன் குரூட்ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேர இயற்பியலாளராக இருந்தபோதுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், உங்கள் மாமனாருக்கு அது உயிர் காக்கும் கருவியாக இருக்கலாம். எந்தக் கேள்விக்குப் பதில் தேடி எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் படம் பேசும். சும்மா பார்த்து வைக்கலாம் என்று எடுத்தால் பயமுறுத்தும். அமெரிக்காவில் இரண்டரை லட்சம் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 'வலியில்லாதவர்களுக்கும் இது இத்தனை சதவீதம் இருக்கும்' என்ற குறிப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி மாத்திரை எழுதுவது மட்டும் சற்றுக் குறைந்தது, மற்ற வைத்தியச் செலவு குறையவில்லை. அச்சிட்ட வரி போதாது, யாராவது எதிரில் உட்கார்ந்து விளக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, உங்கள் வலி நரம்பிலிருந்து வருகிறதா? அதைப் படத்தைவிடக் கையால் பார்ப்பது தெளிவாகச் சொல்லும். இடுப்பிலிருந்து காலுக்குப் போகிற நரம்புகளில் எல்5 அழுந்தினால் வலியும் மரமரப்பும் முழங்காலைத் தாண்டி, கணுக்காலுக்கு மேல் வழியாகப் பெருவிரல் பக்கம் போகும். கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும், குதிகாலில் நடக்க முடியாது. எஸ்1 அழுந்தினால் சுண்டுவிரல் பக்கம் போகும். நுனிக்காலில் நின்று எழ முடியாது, குதிகால் தசைநாரில் சுத்தியால் தட்டும்போது பாதம் துள்ளாது. மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்போம். முப்பதிலிருந்து எழுபது டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் அடித்தது போல வலி ஓடினால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். தொடைக்குப் பின்னால் சதை இழுப்பது மட்டும் அதில் சேராது.

நீங்கள் சொல்வது தொடையோடு நிற்கிறது. அதுவும் சில நாள்தான். மரமரப்பு, பலக் குறைவு எதையும் நீங்கள் எழுதவில்லை. இடுப்பு மூட்டுகள், தசைகள், டிஸ்க் எல்லாமே தொடைவரை வலியை அனுப்பும், நரம்பு அழுந்தாமலேயே. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் வீட்டிலேயே குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி நடந்து பாருங்கள். இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தால் அது நல்ல செய்தி.

ஆபரேஷன் வேண்டாம். இடுப்பு வலிக்கு மட்டும், நரம்பு அறிகுறி இல்லாமல், டிஸ்க் பல்ஜைப் பார்த்து ஆபரேஷன் செய்துகொள்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நிஜமான கால் நரம்பு வலிக்கே அவசரமில்லை என்று நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. கடுமையான வலி உள்ள 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்குக் காத்திருந்து பார்ப்பது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, அது உண்மை. ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது, தாங்க முடியாத கால் வலிக்காரருக்கு அது நியாயமான வழிதான். இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். டிஸ்க் எவ்வளவு பெரிதாகப் பிதுங்கி உடைந்து வெளியே வருகிறதோ, அவ்வளவு அதிகமாக அது தானே சுருங்கும். வெளியே வந்த துண்டை அந்நியப் பொருள் என்று நினைத்து நம் உடம்பின் வெள்ளணுக்களே கரைத்துவிடும்.

மாத்திரை. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. தலை சுற்றுகிறது என்பதால் நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலினாகவோ, டிராமடால், கோடீன் கலந்ததாகவோ இருக்கலாம். அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். கால் நரம்பு வலி உள்ள 209 பேரிடம் ப்ரீகாபலினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வலி குறைவதில் வித்தியாசமே இல்லை, தலைசுற்றல்தான் மிச்சம். நரம்பு வலிக்கே அப்படி என்றால் உங்களுக்கு எதற்கு? ஆனால் நாள்பட எடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்கு ஓபியாய்டு (டிராமடால், கோடீன் போன்ற அபின் வகை) மாத்திரையும் பலன் தரவில்லை என்று 2023-ல் இன்னோர் ஆய்வு சொன்னது. பாரசிட்டமால் சாப்பிட்டால் இடுப்பு வலி சீக்கிரம் போகும் என்று நினைத்ததும் 2014-ல் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. மிஞ்சுவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை. கொஞ்சம் உதவும். சில நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு. பிரஷர், சர்க்கரை, கிட்னி தொந்தரவு, வயிற்றுப் புண் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். நம் ஆட்கள் சைனஸுக்கு வாங்குவது போல ஃபார்மசியில் கோடீன் கலந்த வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதில் பழக்கம் பிடித்துக்கொள்ளும், மலச்சிக்கலும் வரும், போகப்போக தலைவலியே அந்த மாத்திரையால் வரும்.

பெல்ட்டுக்கு உலக சுகாதார நிறுவனமே பதில் சொல்லிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் இடுப்பு பெல்ட், இழுவை வைத்தியம், அல்ட்ராசவுண்ட், தோல் வழியாக மின் துடிப்பு கொடுக்கும் டென்ஸ் மிஷின் எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. என் தொழிலில் காலங்காலமாகச் செய்துவந்த சில விஷயங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேண்டும் என்று சொன்னவை: நோயாளிக்குப் புரிய வைப்பது, உடற்பயிற்சி, மசாஜ் போன்ற கையால் செய்யும் சிகிச்சை, பயத்தையும் மனச் சோர்வையும் கவனிப்பது, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் மாத்திரை. வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துவிட ஆள் இருந்தால் தாராளமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். இதமாக இருக்கும், உங்களுக்கு அதில் ஆபத்தில்லை.

படுக்கையில் கிடக்க வேண்டாம். 1995-ல் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை, ஒன்றுக்குப் பயிற்சி, ஒன்றுக்கு 'முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்' என்ற ஒரே அறிவுரை. கடைசிக் கூட்டம்தான் சீக்கிரம் தேறியது.

அடுத்து, எந்த உடற்பயிற்சி? பிலாட்டிஸா, யோகாவா, ஜிம்மா என்று சண்டை போடுகிறார்கள். 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021-ம் ஆண்டு தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது, நாள்பட்ட இடுப்பு வலிக்குச் சும்மா இருப்பதைவிட உடற்பயிற்சி நல்லது என்று சொல்கிறது. நூறுக்கு வலியை மதிப்பெண் போட்டால் சராசரியாக 15 குறைகிறது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் எந்த மாத்திரைக்கும் குறைந்ததுமில்லை. எனக்கு மிகவும் பிடித்தது 2024-ல் வந்த ஆஸ்திரேலிய நடைப்பயிற்சி ஆய்வு. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேர். பாதிப் பேருக்கு ஒரு பிசியோ ஆறு மாதத்தில் ஆறு முறை சந்தித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கப் பழக்கினார். இந்தப் பயிற்சி இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பி வந்தது, நடந்தவர்களில் பாதிப் பேருக்குத் திரும்பி வர 208 நாள் ஆனது. செருப்பைத் தவிர எந்தச் செலவும் இல்லாத வைத்தியம்.

எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். சாட்ஸ்வர்த்தில் தனியாக விடிகாலையில் ரோட்டில் இறங்க யோசிப்பீர்கள், அந்த பயம் நியாயமானது. கோவிலுக்கு வருகிற இரண்டு மூன்று பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீச்ஃப்ரண்டில் ஆயிரம் பேரோடு நடக்கலாம். மற்ற நாளில் மால் திறந்ததும் உள்ளேயே நாலு சுற்று. முதலில் பத்து நிமிடம். வலி கொஞ்சம் கூடினாலும் மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி என்று அர்த்தம். வராவிட்டால் அடுத்த நாள் பாதியாக்குங்கள். நடப்பதோடு வாரம் இரண்டு நாள் பலத்துக்கான பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, அப்புறம் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது. குனியவே கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குனிவதற்காகத்தான் முதுகு இருக்கிறது. குனிந்து பழக்காத முதுகுதான் ஒரு நாள் குனியும்போது பிடித்துக்கொள்ளும்.

வேலை இடத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வலியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. தையல் மிஷினில் உட்காருகிற பெண்களை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். வலது கால் பெடலில், இடது கால் சும்மா. பெடல் எட்டுவதற்காக உடம்பு நாற்காலி நுனிக்கு வந்துவிடும், முதுகுச் சாய்மானம் இருந்தும் இல்லாத மாதிரி. கண் ஊசி முனையில். ஒரு பண்டில் முடிந்ததும் எழாமல், இடுப்பை மட்டும் திருகிப் பக்கத்துப் பெட்டியிலிருந்து அடுத்ததை இழுப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு தலைக்கு மேல் நிற்பதால் டாய்லெட்டுக்குக்கூட அடக்கி வைப்பார்கள். இதில் எந்த ஒரு நிலையும் தப்பான நிலை என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதுதான் தப்பு. பெடலை உங்கள் பக்கம் ஒரு சாண் இழுத்து வைக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் ஒரு மெத்தை போட்டு உயர்த்துங்கள். அடுத்த பண்டிலை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்துதான் ஆக வேண்டும். சூப்பர்வைசர் முகம் சுளித்தால் டாக்டர் சீட்டு வாங்கிக் காட்டுங்கள், அல்லது யூனியன் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டைப் பேசச் சொல்லுங்கள்.

தூக்கம், கவலை இரண்டையும் வலியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வலி மனசில்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐந்து மாதம் வலித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிச் சின்ன அசைவுக்கும் கூச்சல் போடப் பழகிவிடும். பயம் அதை இன்னும் கூட்டும். 2023-ல் வெளிவந்த இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலியால் முடங்கிய 492 பேரைப் பிசியோக்கள் பயந்த அசைவுகளையே கூட இருந்து செய்ய வைத்து, வலி பற்றிய நினைப்பைப் பேசிப் பேசி மாற்றினார்கள். ஏழு சந்திப்புகள் போதுமாக இருந்தன, பலன் ஒரு வருடம் தாண்டி நின்றது. இங்கே பிசியோவைப் பார்க்க டாக்டர் சீட்டு தேவையில்லை. பார்க்கப் போனால் மிஷினை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறவரை விட்டுவிட்டு, உங்களைக் குனிய வைத்து, நிமிர வைத்து, கேள்வி கேட்கிறவரிடம் போங்கள்.

ஒன்று மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப் போவது, சிறுநீர் முட்டியும் வராமல் போவது அல்லது தெரியாமல் போய்விடுவது, இரண்டு காலும் பலம் குறைவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே, நடுராத்திரியானாலும், மருத்துவமனை கேஷுவல்ட்டிக்குப் போங்கள். தண்டுவடத்தின் வால் நரம்புகள் மொத்தமாக அழுந்தினால் மணிக்கணக்கு முக்கியம். அங்கே ஆபரேஷன்தான் வைத்தியம், காத்திருந்து பார்ப்பது இல்லை.

காவடி. எடுங்கள். நேர்த்திக்கடனை முதுகுக்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் உடம்பைத் தயார் பண்ணி எடுங்கள். தைப்பூசம் டர்பனில் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கிற நேரத்தில் வருகிறது. விரதத்தில் இருப்பீர்கள், தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பீர்கள், நடுநடுவே நிற்பீர்கள். இப்போதே அரை மணி நடைக்கு வந்துவிட்டால், கடைசி மூன்று வாரம் தோளில் சின்னச் சுமையோடு வீட்டு முற்றத்தில் நடந்து பழகுங்கள். காவடியை எடை குறைவாகக் கட்டச் சொல்லுங்கள், பூவும் மயிலிறகும் போதும். இரண்டு பக்கப் பால் செம்பும் ஒரே அளவு நிரம்பியிருக்கட்டும், ஒரு பக்கம் கனத்தால் இடுப்புதான் அதைச் சுமக்கும். தோளில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரண்டு பேர் தூக்கிக் கொடுக்கட்டும். அந்த வாரம் கால் வலி முழங்காலைத் தாண்டினால் காவடிக்குப் பதில் பால்குடம் எடுங்கள். உங்களோடு நடக்கிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால், முக்கியமாக இரண்டு பாதமும் எரிகிறது, மரத்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் இருந்தால், அது டிஸ்க்கில் இருந்து வருவது இல்லை, சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கிறது. சூடான தாரில் தோல் பொத்துப் போனாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காலில் கெட்டித் துணி சுற்றிக்கொண்டு நடக்கட்டும், கோவில் வந்ததும் யாராவது ஒருவர் அவர்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கட்டும்.